க்ராப் ஃபேக்டருக்கு ‘நறுக்கு மடங்கு’

அனைவருக்கும் வணக்கம்.

மொரிஷியசில் கத்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் தமிழ் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் டிசம்பரில் தஞ்சாவூர், மதுரை, வேடந்தாங்கல் என்று ஒரு சுற்றுக்குக் கிளம்புகிறார்கள். குறைந்த செலவில் எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டார்கள். ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு உணரி (படத்தைப் பதியும் சில்லு) உள்ள பழைய கேமரா ஒன்று, கூடவே 18–55 மி.மீ. லென்ஸ், அது போதும் என்றேன். காரணங்களைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது க்ராப் ஃபேக்டர் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். சிறிய உணரியில் ஒரு லென்ஸ் எப்படிக் காட்டும் என்று அறிய, அதன் மி.மீ. எண்ணை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. அதற்கு ‘நறுக்கு மடங்கு’ என்று பெயர் வைக்கலாம் என்கிறேன்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்தால் என்ன என்று இந்தக் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் அச்சாகிறது. ஆனால் கேமராக் கடைக்குள் போனால் பிள்ளைகளுக்கு வருவது பிரெஞ்சும் கிரியோலும்தான். கையில் கேமராவை வைத்துக்கொண்டு அவர்கள் தமிழில் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு, கேட்டவுடன் விஷயம் விளங்கும் சொல் வேண்டும்.

இந்தச் சொல் விளங்காமல் நானே பணத்தை வீணாக்கியிருக்கிறேன். முதல்முறை மதுரைக்குப் போனபோது, 50 மி.மீ. லென்ஸ்தான் கண் பார்ப்பதுபோல் காட்டும், விலையும் குறைவு என்று கேள்விப்பட்டு அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பேச்சு 36×24 மி.மீ. அளவுள்ள பெரிய உணரிக்கு உரியது. என்னிடம் இருந்ததோ சிறிய உணரி. திருமலை நாயக்கர் மகாலில் அம்மாவைத் தூணோடு சேர்த்து எடுக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போய், முதுகு எதிர்த்தூணில் முட்டிவிட்டது. அம்மா படத்தில் இருக்கிறார், தூண் பாதிதான் இருக்கிறது. 50-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 75 என்று யாராவது சொல்லியிருந்தால் 35 மி.மீ. லென்ஸை வாங்கியிருப்பேன். அது ஏறக்குறைய 52 ஆகியிருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லென்ஸ் வட்டமான ஒரு பிம்பத்தை விழச் செய்கிறது. பெரிய உணரி அதிலிருந்து அகலமான துண்டை எடுத்துக்கொள்கிறது, சிறிய உணரிக்கு நடுத்துண்டு மட்டும் கிடைக்கிறது. லென்ஸின் குவியத்தொலைவு, அதாவது அந்த மி.மீ. எண், மாறுவதே இல்லை. 18 மி.மீ. லென்ஸ் பெரிய உணரியில் பக்கவாட்டில் 90 பாகை காட்டும், ஏபிஎஸ்-சியில் சுமார் 66 பாகைதான். 36×24 உணரியின் மூலைவிட்டத்தை நம் உணரியின் மூலைவிட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் நாம் பெயர் தேடும் எண். நிக்கான், சோனி ஏபிஎஸ்-சிக்கு 1.5, கேனனுக்கு 1.6, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரிக்கு 2.

> ‘செதுக்கக் காரணி’ என்றே வைத்துவிடலாம். மென்பொருள்களில் ‘செதுக்கு’ ஏற்கெனவே புழங்குகிறது.

இப்படி எழுதிய நண்பர் சொல்வதுபோல் அது புழங்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே செதுக்குவது நாம், எடுத்த படத்தை, நம் விருப்பப்படி. இங்கே யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, உணரியின் அளவே வெட்டிவிடுகிறது. ‘காரணி’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கு 12-இன் காரணி 3 என்பதுதான் நினைவுக்கு வரும். ‘மடங்கு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஒன்றரை மடங்கு’ என்றால் சந்தையில் நிற்பவருக்கும் தெரியும், பெருக்க வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பக்கத்து ரியூனியன் தீவிலிருந்து எழுதிய ஐயா ‘சட்ட மடங்கு’ என்றார். அவர் வந்த வழி எனக்குப் புரிகிறது. பிரெஞ்சில் இதை ‘ஃபக்தெர் தெ ரெகாத்ராஜ்’ என்பார்கள், அதற்குள் ‘காத்ர்’, அதாவது சட்டகம், இருக்கிறது. ஆங்கிலம் வெட்டைப் பார்க்கிறது, பிரெஞ்சு சட்டகத்தைப் பார்க்கிறது. ஆனால் தமிழில் ‘சட்ட’ என்று தொடங்கினால் முதலில் நீதிமன்றம் அல்லவா கண்முன் வருகிறது?

‘நறுக்கு’ சமையலறைச் சொல் என்று ஓர் அக்கா தயங்கினார். அக்கா, ஓலை நறுக்கும் நறுக்குதான். நீள ஓலையில் வேண்டிய அளவுக்கு வெட்டிய துண்டுக்கு அந்தப் பெயர். பிம்ப வட்டத்தில் உணரிக்குக் கிடைப்பதும் அப்படி ஒரு துண்டுதான். அதோடு நறுக்கு என்றால் குறை என்று பொருளில்லை. வேடந்தாங்கலில் 200 மி.மீ. லென்ஸ் 300 போல நாரையைக் கிட்டத்தில் காட்டும், அதே 300-ஐத் தனியாக வாங்கப் போனால் விலை எங்கேயோ போய்விடும்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 36×24-ஐவிடப் பெரிய 44×33 மி.மீ. உணரி உள்ள நடுவடிவக் கேமராக்களுக்கு இந்த எண் 0.79. அங்கே நறுக்கப்படுவது எதுவும் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. அந்தக் கேமராக்களின் விலைக்கு எங்கள் வகுப்பில் யாரும் போகப்போவதில்லை என்றாலும், இதற்கும் பொருந்தும் சொல் உங்களிடம் இருந்தால் என்னுடையதை விட்டுவிடத் தயார்.

அப்புறம், 18 மி.மீ. ‘27 போல’ நடக்கிறதே, அந்த 27-க்கு ‘ஈட்டுக் குவியத்தொலைவு’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஈட்டு’ சரியா, ‘நிகர்’ சரியா? அடுத்த ஞாயிறு வகுப்பில் தாளைக் கொடுத்தாக வேண்டும்.