கடுகுக் குடும்பம்: காய் ஒன்று சொல்கிறது, டிஎன்ஏ வேறு சொல்கிறது. எதை நம்பிக் குலம் பிரிப்பது?

கேள்வி கேட்டவர்: தாள்கட்டு

துருக்கி, ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளில் சேகரித்த கடுகுக் குடும்ப உலர்மாதிரிகள், ஏறக்குறைய 200 தாள். தாவரவியலாளர் ஷுல்ஸ் 1936இல் வகுத்த 19 குலங்களின் (குடும்பத்துக்குள் நெருங்கிய பேரினங்களைச் சேர்க்கும் பிரிவு) வரிசையில் அடுக்கியிருக்கிறது. புது முறைக்கு மாற்ற வேண்டும். 2006இல் 25 குலம், 2012இல் 49, பிறகு இன்னும் கூடிவிட்டது. எதைப் பிடிப்பது?

இன்னொன்று. ‘தலாஸ்பி’ என்ற பேரினப் பெயரில் சீட்டு ஒட்டிய தாள்கள் 14. காய் உள்ளவை எல்லாவற்றிலும் அது தட்டை, ஓரத்தில் இறக்கை, நுனியில் பிளவு. ஆனால் ஐடிஎஸ் (இனங்களைப் பிரித்தறிய உதவும் ஒரு டிஎன்ஏ பகுதி) வரிசை எடுத்த மூன்று தாள்கள் ஒரே கிளையில் சேரவில்லை. மாதிரி கலந்துவிட்டதா, சாவி (செடியை அடையாளம் காணும் வழிகாட்டிப் பட்டியல்) தப்பா?

மறுமொழி 1: ரெப்ளம்

மாதிரியும் கலக்கவில்லை, உங்கள் கண்ணும் தப்பில்லை. தப்பு காயை நம்பியதில்.

இந்தக் குடும்பத்தில் பூ ஏமாற்றாது, ஆனால் உதவவும் செய்யாது. நான்கு இதழ், நான்கு நீண்ட மகரந்தத்தாள், இரண்டு குட்டை. ஏறக்குறைய 4000 சிற்றினங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதேதான். அதனால்தான் 1753இல் லின்னேயஸ் காயின் நீள அகலத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்களும் காயை விடவில்லை. பொய்த்தடுப்புக்கு (காயை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் சவ்வு) குறுக்கே நசுங்கி, தடுப்பு ஒடுங்கிப்போன தட்டைக்காய் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியது. தலாஸ்பி, லெபிடியம், ஐபெரிஸ், கேப்செல்லா நான்கையும் பழைய முறை இந்தக் காய்க்காக ஒரே கூடையில் போட்டது. இன்று நான்கும் நான்கு குலம்: தலாஸ்பிடியே, லெபிடியே, ஐபெரிடியே, கமெலினியே.

எதைப் பிடிப்பது என்றால், 2023இல் வந்த வகைப்பாட்டை. இரண்டு துணைக்குடும்பம், 58 குலம். ஈத்தியோனீமா பேரினம் மட்டும் தனித் துணைக்குடும்பம்; மற்ற 57 குலமும் பிராசிக்காய்டியே. அதற்குள் ஐந்து பெருங்குலம்: அராபோடே, பிராசிக்கோடே, கமெலினோடே, ஹீலியோஃபிலோடே, ஹெஸ்பெரோடே. துருக்கித் தாள்களில் ஈத்தியோனீமா இருக்க வாய்ப்பு அதிகம், அதை முதலில் பிரித்து வையுங்கள்.

ஆனால் பெருங்குல வரிசையில் அலமாரியை அடுக்காதீர்கள். உட்கரு மரபணு காட்டும் உறவுமரமும் பசுங்கணிக டிஎன்ஏ காட்டும் உறவுமரமும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. குலங்களும் இன்னும் உடைகின்றன. அராபிடாப்சிஸுக்கு அராபிடாப்சிடியே என்று தனிக் குலம் வந்ததே 2023இல்தான். பேரினங்களை அகரவரிசையில் அடுக்கி, குலத்தைத் தரவுத்தளத்தில் ஒரு பத்தியாக வைத்தால், அடுத்த மாற்றத்துக்குத் தாளைத் தூக்க வேண்டாம், பத்தியைத் திருத்தினால் போதும்.

மறுமொழி 2: விதைவெட்டு

14 தாளுக்கும் விதையைப் பாருங்கள். தாவரவியலாளர் எஃப். கே. மேயர் 1973இல் விதையுறையின் உள்ளமைப்பை வைத்தே தலாஸ்பியைப் பன்னிரண்டு பேரினங்களாக உடைத்தார். வெகுநாள் பலர் ஏற்கவில்லை. டிஎன்ஏ வந்தபிறகு அவர் பக்கமே பெரும்பாலும் சாய்ந்தது.

10 மடங்கு லென்ஸ் போதும். விதையில் விரல்ரேகைபோல் வளைவரிகள், காய் ஒரு சென்டிமீட்டருக்கு மேல், சூல்தண்டு (காய் நுனியில் எஞ்சி நிற்கும் குச்சி) மிகக் குட்டை என்றால் தலாஸ்பி ஆர்வென்ஸ். விதை வழவழப்பு, சூல்தண்டு பிளவை எட்டுகிறது அல்லது தாண்டுகிறது, செடி பல்லாண்டு என்றால் நொக்கியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். விதை வழவழப்பு, ஓராண்டுச் செடி, தண்டிலை தண்டைத் தழுவுகிறது, சூல்தண்டு பிளவுக்குள் ஒளிந்திருக்கிறது என்றால் மைக்ரோதலாஸ்பி. கடைசி இரண்டும் கொலுடியோகார்பியே குலம்.

மற்ற தாள்களுக்கு விதையை வெட்ட வேண்டியிருக்கும். காயைப் பிய்க்காதீர்கள், தாளின் உறையில் உதிர்ந்து கிடப்பதை எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து (பசை கக்கினால் அதையும் குறியுங்கள்) நடுவில் குறுக்கே வெட்டுங்கள். முளைவேர் விதையிலைகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறதா, முதுகில் படுத்திருக்கிறதா, மடிந்த விதையிலைகளின் நடுவில் பொதிந்திருக்கிறதா? மூன்றாவது நிலை தெரிந்தால் பெரும்பாலும் கடுகு, முள்ளங்கி சேர்ந்த பிராசிக்கியே. முதல் இரண்டும் பல குலங்களில் வருவதால் அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எங்கே பிசகும்? முற்றாத விதையில் முளைவேர் இடத்தில் அமர்ந்திருக்காது. ஓரமாக வெட்டினால் முளைவேர் வெட்டில் சிக்காது. மூன்று விதையாவது வெட்டுங்கள். ஹலீம் விதையில் (லெபிடியம் சடைவம்) விதையிலை ஒவ்வொன்றும் மூன்றாகப் பிளந்திருக்கும். வெட்டில் துண்டுகள் கூடத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

இலைத்தூவியையும் விடாதீர்கள். கத்திமுனையால் சுரண்டி, ஒரு சொட்டு நீரில் வைத்து 100 மடங்கில் பார்த்தால் போதும். நடுவில் ஒட்டி இருபக்கமும் கைநீட்டிய தூவி எரிசிமத்தின் அடையாளம், நட்சத்திரத்தூவி அலிசம், பல செல்லால் ஆன காம்புள்ள சுரப்பித்தூவி கோரிஸ்போரா. கிளைத்த தூவி இருந்தால் அது பிராசிக்கியே அல்ல.

தாள்கட்டு

நன்றி. 9 தாளில் விதை வரி தெளிவு. 3 வழவழப்பு. 2 தாளில் பூ மட்டும்தான், காயே இல்லை. அவற்றுக்கு ஐடிஎஸ் முடிவை அப்படியே எழுதலாமா?

மறுமொழி 3: நாய்க்கடுகு

எழுதலாம், ஆனால் பெயரைச் சரிபார்த்து. மரபணு வங்கியில் (டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) சில வரிசைகள் பதிந்தவர் கொடுத்த பெயரிலேயே கிடக்கலாம். இன்று நொக்கியாவாக உள்ள செடி அங்கே ‘தலாஸ்பி’ என்றே இருக்கலாம். முதல் பொருத்தத்தை எடுக்காமல், அந்தச் சிற்றினப் பெயரின் இன்றைய நிலையைப் பிராசிபேஸ் என்ற கடுகுக் குடும்பத் தரவுத்தளத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கலப்பினவழிச் செடிகளில் ஐடிஎஸ் பெற்றோரில் ஒருவரை மட்டும் காட்டிவிடும். நம் சமையல் கடுகு பிராசிக்கா ஜன்சியாவே இரண்டு மரபுத்தொகுதி சேர்ந்தது: பிராசிக்கா ராப்பாவின் 10 குரோமோசோம், பிராசிக்கா நைக்ராவின் 8, சேர்ந்து ஒற்றைத் தொகுதிக்கு 18. அதில் நைக்ராவோ உறவுமரத்தில் முட்டைக்கோஸைவிட சைனாப்பிஸ் என்ற வேறொரு பேரினத்துக்கு நெருக்கம். பிராசிக்கா என்ற பேரினமே இயல்பான ஒரு கிளை இல்லை. நைக்ராவை வேறு பேரினத்துக்கு மாற்றும் முன்மொழிவுகள் வந்துவிட்டன, ஆனால் பழைய பெயரே இன்னும் பரவலாகப் புழங்குகிறது.

தமிழ்நாட்டுத் தாள்கள் பிறகு வந்தால் ஒரு எச்சரிக்கை: நாய்க்கடுகு, நல்வேளை இரண்டும் கடுகுக் குடும்பம் அல்ல, கிளியோமேசி. காயைத் திறந்தால் உள்ளே பொய்த்தடுப்பு இருக்காது, இலை விரல்போல் பிரிந்திருக்கும்.

காயில்லாத இரண்டு தாளின் வரிசை தெளிவாக ஒரு சிற்றினத்தோடு பொருந்தாவிட்டால் ‘தலாஸ்பி, பரந்த பொருளில்’ என்று பென்சிலால் எழுதித் தனி உறையில் வையுங்கள். பழைய சீட்டைக் கிழிக்காமல், தேதியோடு புதுச்சீட்டைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.