அட்டவணைக் கலங்களின் வடிவம்: சர்வரின் வேலையா, உலாவியின் வேலையா?

கணக்குப்பிள்ளை:
கட்டண நிலுவைப் பட்டியல் ஒன்றை, உலாவியில் அட்டவணை காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான டேட்டாடேபிள்ஸ் கொண்டு அமைத்திருக்கிறேன். ஏறத்தாழ 4,000 வரிசைகள். தேதியையும் தொகையையும் சர்வரிலேயே வடிவமைத்து, ‘25-01-2019’, ‘ரூ. 1,25,000’ என்று எழுத்துகளாகவே அனுப்புகிறேன். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் தேதித் தலைப்பைச் சொடுக்கினால் 03-12-2023 மேலேயும் 25-01-2019 கீழேயும் போய் நிற்கின்றன. வடிவமைக்கும் வேலையை உலாவியிடம் ஒப்படைத்துவிடலாமா?

பின்கட்டு:
வேண்டாம் என்பேன். இதே பட்டியல் நாளை பிடிஎஃப் ஆகவும் மின்னஞ்சலாகவும் போகும். வடிவமைப்பு உலாவியில் இருந்தால் அதே விதியை மூன்று இடங்களில் எழுதி, மூன்றையும் ஒத்துப்போகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் சிக்கல் வரிசைப்படுத்தலில் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் காட்டுவதற்கு ஒரு மதிப்பு, வரிசைப்படுத்த ஒரு மதிப்பு என இரண்டைச் சர்வரிலிருந்தே அனுப்பி, எது எதற்கு என்று, கலத்தில் எதைக் காட்டுவது எனத் தீர்மானிக்கும் ரெண்டர் அமைப்பில் குறிப்பிட்டால் போதும். எச்டிஎம்எல் அட்டவணையாகவே எழுதுவதாக இருந்தால், வரிசைப்படுத்தும் மதிப்பைத் தாங்கும் டேட்டா-ஆர்டர் பண்பைக் கலத்தில் சேர்த்தாலே முடிந்தது.

முன்வாசல்:
முன்னவர் சொன்ன வழி வேலை செய்யும். ஆனால் ஒரே மதிப்பை இரண்டு முறை அனுப்பி, இரண்டும் முரண்படாமல் காவல் காக்கும் சுமை அதோடு வந்து சேரும். நான் ‘2019-01-25’ என்றும் 125000 என்றும் மூல மதிப்பை மட்டுமே அனுப்புவேன். ரெண்டர் செயற்கூற்றை டேட்டாடேபிள்ஸ் ஒரே நோக்கத்துக்காக அழைப்பதில்லை. டிஸ்பிளே (காட்ட), சார்ட் (வரிசைப்படுத்த), ஃபில்டர் (தேட), டைப் (தரவின் வகையை அறிய) என நான்கு வகையில் கேட்கிறது. டிஸ்பிளே என்று கேட்டால் அலங்கரித்த வடிவம், சார்ட் அல்லது டைப் என்றால் மூல மதிப்பு.

ஃபில்டரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேடல் பெட்டியில் யாரும் காற்புள்ளி இட்டுத் தட்டுவதில்லை. 125000 என்றே அடிப்பார்கள், திரையிலோ 1,25,000 என்று இருக்கும், பட்டியல் வெறுமையாகிவிடும். ஆகவே ஃபில்டர் என்று கேட்கும்போது இரண்டு வடிவங்களையும் இடைவெளி விட்டுச் சேர்த்துக் கொடுங்கள். இன்னொன்று: டேட்டாடேபிள்ஸின் சொந்த எண் வடிவமைப்பானிடம் காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுத்தால், அது மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து 125,000 என்றுதான் காட்டும். இலட்சக் கணக்குக்கு உலாவியிலேயே உள்ள எண் வடிவமைப்பானான Intl.NumberFormat-இல் இந்திய அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பின்கட்டு:
தேதியை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட வேண்டாம், நண்பரே. ‘2019-01-25’ என்பதை ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் பொருளாக்கினால் அது கிரீன்விச் நள்ளிரவாகவே கொள்ளப்படும். நியூயார்க்கில் திறப்பவருக்கு உள்ளூர் நேரப்படி 24ஆம் தேதி தெரியும். நம் ஊர் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், இங்கே உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. நானே இதில் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். மேலும், 4,000 வரிசை நாளை நான்கு இலட்சமாகி, ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரிடம் கேட்டு வாங்கும் சர்வர்சைடு முறைக்கு மாறினால் வரிசைப்படுத்துவதும் தேடுவதும் தரவுத்தளத்தின் வேலையாகிவிடும். சார்ட்டுக்கும் ஃபில்டருக்கும் நீங்கள் எழுதியவை சும்மா கிடக்கும்.

முன்வாசல்:
இரண்டையும் ஏற்கிறேன். தேதிக்கு டேட் பொருளே தேவையில்லை. சிறுகோட்டில் பிரித்து, அந்தத் துண்டுகளின் வரிசையைத் திருப்பிச் சேர்த்தால் போதும். ஆனால் ‘நிலை’ போன்ற நெடுவரிசையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘நிலுவை’ என்ற சிவப்புப் பட்டையைச் சர்வர் எச்டிஎம்எல்லாக அனுப்பினால், நாளை வடிவமைப்பாளர் நிறத்தையோ வடிவத்தையோ மாற்றும்போது சர்வர் நிரலையும் திறக்க வேண்டிவரும். சர்வர் குறியீட்டை அனுப்பட்டும். பட்டையை உலாவி வரையட்டும், நிறம் பிரித்தறியாதவர்களுக்காக உள்ளே சொல்லும் இருக்கட்டும். பயனர் தட்டச்சிட்ட பெயர் போன்ற கலங்களுக்கு, எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் ரெண்டரரைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் பெயருக்குள் யாரோ எழுதிவைத்த குறிநிரல் உங்கள் திரையில் ஓடும்.

பின்கட்டு:
நிலைப் பட்டையில் உடன்படுகிறேன். தொகையில் இல்லை, பிடிஎஃப்பில் ஒரு வடிவமும் திரையில் வேறொரு வடிவமும் வந்தால் தொலைபேசியில் பதில் சொல்லப்போவது நீங்கள் அல்லர்.

கணக்குப்பிள்ளை:
இருவருக்கும் நன்றி. தேதியையும் நிலையையும் மூல மதிப்பாக அனுப்பி உலாவியில் வடிவமைத்துவிட்டேன். 25-01-2019 இப்போது மேலே வந்துவிட்டது. தொகைக்கு மட்டும் சர்வரிலிருந்தே இரண்டு மதிப்புகளை அனுப்புகிறேன். தேடலுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், 125000 என்று அடித்துப் பார்த்தேன், வந்தது. அந்த நெடுவரிசையை வலப்பக்கம் ஒட்டவைக்க ரெண்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. நெடுவரிசைக்குச் சிஎஸ்எஸ் வகுப்பைச் சேர்க்கும் கிளாஸ்நேம் அமைப்பே போதுமானதாக இருந்தது.