பாகைமானி சொன்ன இரண்டு பதில்கள்

தருமபுரி, டியூஷன் வாத்தியார்:

வளைவரைகளுக்கு இடைப்பட்ட கோணத்தை 12-ஆம் வகுப்பில் வாய்பாடு போட்டுக் கண்டுபிடித்து மார்க் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதைத் தாளில் அளந்து பார்த்தவர்கள் உண்டா? நான் இருபது வருஷம் பாடம் எடுத்தும் அளந்ததில்லை. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி டியூஷனுக்கு வரும் ஒரு பெண்தான் அளக்க வைத்தாள்.

ஒய் = எக்ஸ்², எக்ஸ் = ஒய்² இரண்டையும் 5 செ.மீ. ஓர் அலகு என்று கிராஃப் தாளில் வரைந்து வந்திருந்தாள். (1, 1) புள்ளியில் சாய்வுகள் 2, ½. வித்தியாசம் 1½. அதை 1 + (2 × ½), அதாவது 2-ஆல் வகுத்தால் ¾. டேன் மதிப்பு ¾ என்றால் கோணம் 36 டிகிரி 52 நிமிடம். இதில் சந்தேகமே இல்லை.

“ஆனா பாகைமானியில நாப்பத்தி நாலரை வருதுங்க சார்.”

படத்தைக் கோணலாக வரைந்திருப்பாய் என்றேன். வாத்தியார் வாயில் முதலில் வருவது அதுதானே. அவள் ஒன்றும் பேசாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி, எதிர்ப்பக்கக் கோணத்தை அளந்து காட்டினாள். 20 டிகிரி! குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே ஒன்று 44½, இன்னொன்று 20 என்றால் நான் என்ன பதில் சொல்வது? டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

விஷயம் பாகைமானியின் விளிம்பில் இருந்தது. அவளுடைய பாகைமானி 5 செ.மீ. ஆரம். கோடு விளிம்பை வெட்டும் இடத்தைத்தானே நாம் படிக்கிறோம்? நேர்கோடு என்றால் எங்கே படித்தாலும் ஒன்றுதான். வளைவரை அந்த 5 செ.மீ. போவதற்குள் திரும்பிவிடுகிறது. (1, 1)-க்கு மேலே இரண்டும் விலகி ஓடுகின்றன, வாய் அகலமாகிறது. கீழே இரண்டும் ஆதிப்புள்ளியில், அதாவது (0, 0)-இல், மறுபடி சேர வேண்டுமே, அதனால் நெருங்குகின்றன.

கவராயத்தில் 1 செ.மீ. மட்டும் எடுத்து, வளைவரைகளில் குறித்து, ஸ்கேலால் நீட்டி அளக்கச் சொன்னேன். மேலே 39-க்குக் கொஞ்சம் கம்மி, கீழே 34½. அப்புறம் தொடுகோடுகளையே, அதாவது (1, 1)-இல் வளைவரை போகும் திசையிலேயே அதைத் தொட்டுப் போகும் நேர்கோடுகளையே, போட்டோம்: ஒன்று 2½ செ.மீ. வலப்பக்கம், 5 செ.மீ. மேலே, மற்றது 5 வலப்பக்கம், 2½ மேலே. இரண்டு பக்கமும் 37. “அப்ப வளைவரைக்குக் கோணமே இல்ல, தொடுகோட்டுக்குத்தான் இருக்கு, இல்லீங்களா சார்?” என்றாள். ஆமாம், வரையறையே அதுதான். அவள் கேட்கும்வரை அது எனக்கும் பரீட்சைக்கு எழுதும் ஒரு வரியாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரி, லேப் வேலை பார்த்தவர்:

சார், தொடுகோட்டைக் கணக்கே போடாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு பட்டையை வளைவரையின் குறுக்கே நிமிர்த்தி வையுங்கள். வெளியே தெரியும் கோடும் கண்ணாடிக்குள் தெரியும் கோடும் சேருமிடத்தில் முழங்கை மாதிரி ஒடிந்து தெரியும். ஒடிவு மறையும்வரை மெல்லத் திருப்புங்கள். மறைந்ததும் கண்ணாடியின் அடியை ஒட்டிக் கோடு போட்டால் அதுதான் செங்கோடு, தொடுகோட்டுக்கு நேர் 90 டிகிரியில் நிற்கும் கோடு. இரண்டு வளைவரைக்கும் செங்கோடு போட்டு இடைக்கோணத்தை அளந்தால் போதும். தொடுகோடுகள் இரண்டுமே 90 டிகிரி திரும்பியிருக்கின்றன, அதனால் கோணம் மாறாது.

ரசம் பூசிய பின்பக்கம்தான் புள்ளியின் மேல் நிற்க வேண்டும். முன்பக்கத்தை வைத்தால் கண்ணாடியின் தடிமன் அளவுக்குத் தப்பிவிடும். நான் ஒரு வருஷம் பூராவும் அப்படித்தான் தப்பாக வைத்துக்கொண்டிருந்தேன்!

ஓசூர், கிரில் பட்டறை:

எனக்கு இந்த வாய்பாடெல்லாம் தெரியாதுங்க. ஜன்னல் கிரில்லுக்கு இரண்டு ரிங், ஒன்று 6 இன்ச் ஆரம், ஒன்று 8 இன்ச். இரண்டும் வெட்டுகிற இடம் நேர்மூலையாக வர வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூலைமட்டத்தை ரிங் மேல் வைத்தால் நிற்கவே இல்லை, ஆட்டம் காட்டியது. எங்க மேஸ்திரி, “ரிங்கை விடுடா, சென்டரைப் பாரு” என்றார். வெட்டும் புள்ளியிலிருந்து இரண்டு சென்டருக்கும் நூல் பிடித்து, நூலுக்கு மூலைமட்டம் வைத்தோம். சென்டருக்கு சென்டர் 10 இன்ச் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. 36-உம் 64-உம் 100, அதே 3-4-5 கணக்குதான். கண்ணாடிக்காரர் சொல்லும் செங்கோடும் எங்கள் நூலும் ஒன்றுதானே அண்ணா?

தருமபுரி, டியூஷன் வாத்தியார்:

ஒன்றேதான் அண்ணா. வட்டத்தில் ஆரம்தான் செங்கோடு.

நேற்று கண்ணாடியோடு அந்தப் பெண்ணை ஆதிப்புள்ளிக்கு அனுப்பினேன். அங்கேயும் இவை இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. பரீட்சையில் பாதிப் பேர் விட்டுவிடும் இடம். எக்ஸ் = ஒய்²-இன் தொடுகோடு அங்கே செங்குத்து, சாய்வே கிடையாது, வாய்பாடு கைவிட்டுவிடும். முதலில் பாகைமானியை வைத்தாள். 14-க்கும் உள்ளே காட்டியது. சிரித்துவிட்டாள். அப்புறம் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவரைக்கு அது ஒய் அச்சின் மேலும், மற்றதற்கு எக்ஸ் அச்சின் மேலும் போய் நின்றது. 90.