ஸ்கேன் ‘நோர்மல்’, வலி மட்டும் நிக்கேல்லை: என்டோமெட்ரியோசிஸ் பற்றி ஏன் இவ்வளவு குறைவான ஆய்வு?

நிலாவெளி_வாசகி:
திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஏ.எல். பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் என்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) பற்றி அரை மணித்தியாலம் பேச வேணும். பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்கள் பத்துப் பேரில் ஒருவருக்கு, மொத்தம் 19 கோடிப் பேருக்கு இருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகேன் நம்பக்கூடிய ஒரு இரத்தப் பரிசோதனைகூட இல்லை? கிளினிக்குக்குப் போகும் பிள்ளை கையில் என்ன கொண்டுபோக வேணும்?

கொட்டியாரம்:
முதல் காரணம் காசு. 2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 1.6 கோடி டொலர். நோயாளி ஒருவருக்கு 2 டொலர் அளவில்தான் வரும். குரோன்ஸ் என்ற குடல் நோய்க்கு அது 130 டொலர்.

இரண்டாவது, எலி. ஆய்வுகூட எலிக்கு மாதவிடாய் வராது. கருப்பையின் உட்சவ்வை எடுத்து அதன் வயிற்றுக்குள் ஒட்டவைத்துத்தான் பார்க்கிறார்கள். தானாக வந்த நோயும் செயற்கையாக ஒட்டியதும் ஒன்றா? மாதவிடாய் இரத்தம் கருப்பைக் குழாய் வழியே பின்னால் போய் வயிற்றுக்குள் ஒட்டுது என்று சாம்ப்சன் என்ற பெண்நோய் மருத்துவர் 1927இல் எழுதினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்னால் போகுது. சிலருக்கு மட்டும் ஏன் ஒட்டுது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை.

அதோடு, பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துப் பரிசோதனையின் ஆரம்பக் கட்டத்தில் சேர்க்காதே என்று 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்னது. 1993 வரை அதுதான் நிலைமை. இந்த நோயின் கடும் வகை உள்ள பெண்கள் அழகா இல்லையா என்று ‘ஆய்ந்த’ கட்டுரை ஒன்று 2013இல் ஒரு கருவள மருத்துவ இதழில் வந்தது. மீளப்பெற 2020 ஆனது. வலியை அளக்க ஆளில்லை, அழகை அளக்க ஆளிருந்தது.

கன்னியா_ஊற்று:
கொட்டியாரம் சொன்னது சரி, ஆனால் அம்மாமாருக்கு டொலர்க் கணக்கு வேண்டாம் அக்கா. ஸ்கேனை விளங்கப்படுத்துங்கோ.

கலியாணம் கட்டாத பிள்ளைக்குப் பொதுவாக வயிற்றுக்கு மேலால்தான் ஸ்கேன். ஒரு லீற்றர் அளவு தண்ணி குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு போக வேணும். சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கின ‘சொக்லேட் கட்டி’ இருந்தால் தெரியும். வயிற்றின் உட்சவ்வில் மிளகளவும் இல்லாத பொட்டுகள் தெரியாது. ஆகவே ‘நோர்மல்’ என்றால் பெரிய கட்டி இல்லை, அவ்வளவுதான். சின்னப் பொட்டுக்கும் பெரிய வலி இருக்கும். கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் லப்பரஸ்கோப்பிக்குக் காத்திராமல் அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கலாம் என்று 2022 ஐரோப்பிய வழிகாட்டி சொல்லுது. சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோயை முடிவு செய்ய வேண்டாம் என்பதும் அதில்தான்.

உப்புவெளிக்_காற்று:
கையில் கொண்டுபோக ஒரு சி.ஆர். கொப்பி காணும். மூன்று மாதம் எழுதட்டும்: திகதி, இரத்தம் போகும் எத்தனையாவது நாள், வலி 0–10, எங்கே (இடுப்பு, தொடை, முதுகு), மலம் போகேக்க வலியா, சலம் போகேக்க வலியா, என்ன குளிசை எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடம் போகாத நாள். ‘சரியான வலி’ என்ற சொல்லைவிட ‘மூன்று மாதத்தில் ஏழு நாள் பள்ளிக்கூடம் இல்லை’ என்ற வரி டொக்டரை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

மெஃபனமிக் அசிட் என்ற வலிக் குளிசை 500 மில்லிகிராம் எழுதினால் சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு மூன்று தரம். வலி உச்சத்துக்கு ஏறின பிறகு போடுவதுதான் வழமையான பிழை. வலி தரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாகாமல் தடுப்பதே அதன் வேலை, உருவானதை அழிக்காது. அல்சர், இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் முதலே சொல்ல வேணும். காய்ச்சல் இருந்தால் தொடவே கூடாது: டெங்கு என்றால் இரத்தப்போக்கைக் கூட்டும்.

நிலாவெளி_வாசகி:
‘கலியாணம் முடிச்சாச் சரிவரும், ஹோர்மோன் குளிசை போட்டா பிள்ளை தங்காது’ என்று கட்டாயம் கேட்பினம். என்ன சொல்ல?

கன்னியா_ஊற்று:
கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி அடங்கும்; பிறகு திரும்பலாம். அது வைத்தியம் இல்லை. இதற்குக் கொடுக்கும் ஹோர்மோன் குளிசை டைனோஜெஸ்ட்: 2 மில்லிகிராம் தினமும் ஒரே நேரத்துக்கு, இடையில் விடாமல். நிறுத்தினால் மாதவிடாய் திரும்பும், பிள்ளைப்பேற்றுக்குத் தடையில்லை. முதல் சில மாதம் அப்பப்ப இரத்தக் கறை படும். அதற்குப் பயந்து நிறுத்திப்போட்டு ‘மருந்து பிடிக்கேல்லை’ என்பார்கள். அந்த மாதங்களில் புத்தகப் பையில் இரண்டு பாட் கூட வைக்கச் சொல்லுங்கோ.