தாய்லாந்து நாடகம் ஏன் ஒரே வட்டத்துலயே சுத்துது?

செந்தூல்_ராத்திரி:
வணக்கம், நான் கோலாலம்பூர். தெற்கு தாய்லாந்து ஹட்ஜாய் போய்ட்டு வந்ததுல இருந்து லகோன், அதான் தாய்லாந்து டிவி நாடகம், பாக்குற பழக்கம் ஒட்டிக்கிச்சு, சப்டைட்டில் போட்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பாத்துட்டு காலைல எல்ஆர்டி ரயில்ல தூங்கி வழியுறேன். நடிப்பு, உடை, கேமரா எல்லாமே நல்லா இருக்கு. ஆனா கதை? பணக்கார ஹீரோ எதையோ தப்பா புரிஞ்சிக்கிறான், பழிவாங்க ஹீரோயின தீவுல கொண்டு போய் அடைக்கிறான், வில்லி வந்து அறையுறா, கடைசில கல்யாணம். வரிசையா மூணு பாத்தேன், மூணும் இதேதான். இவ்ளோ திறமை இருக்குற ஊர்ல ஏன் இப்படி?

புலாவ்திக்குஸ்_அக்கா:
தம்பி, நான் பினாங்குல சியாம், அதாவது தாய்லாந்துக்காரங்க, கோயில் பக்கத்துல வளந்தவ. பக்கத்து வீட்டு சியாம் ஆண்டியோட உக்காந்து நெறைய பாத்திருக்கேன். ஹீரோயின நாங்-ஏக்னு சொல்வாங்க, வில்லிய நாங்-ராய். நம்ம 'ஏக'ந்தான் அந்த ஏக். பாதி லகோன் பழைய நாவல்ல இருந்து வர்றது, ஆண்டிக்கு முடிவு முன்னாடியே தெரியும். ஜப்பான்கார சிப்பாய் தாய்லாந்து பொண்ண காதலிக்கிற 'கூ காம்' 1990லயும் வந்துச்சு, 2013லயும் வந்துச்சு. இந்த தடவை யாரு நடிக்கிறா, எப்படி அழுறான்னு பாக்கத்தான் உக்காருவாங்க. பாரதக் கதை தெரிஞ்சவங்க கூத்துக்குப் போகாமயா இருந்தாங்க? அதனால தெரிஞ்ச கதைங்கறது எனக்கு குறையா படல. எனக்கு கோவம் வர்றது அந்த தொப்-ஜூப் மேலதான், அறைஞ்சிட்டு முத்தம் குடுக்குறது, பலவந்தத்த காதல்னு காட்டுறது. 2014ல தாய்லாந்துக்காரங்களே இத நிறுத்தச் சொல்லி கையெழுத்து வாங்குனாங்க.

பங்சார்_எடிட்டர்:
நான் எடிட்டிங் வேலைல இருக்கேன், அதனால எனக்கு இது பணக் கணக்காத்தான் தெரியுது. ரொம்ப வருஷமா அங்க சேனல் 3, சேனல் 7 ரெண்டும்தான் ராஜா, பெரிய நடிகர்கள் ஒரு சேனலோட ஒப்பந்தத்துல கட்டுப்பட்டு இருப்பாங்க, ராத்திரி நியூஸ் முடிஞ்சதும் ஒரு எபிசோடு விளம்பரத்தோட சேத்து ரெண்டு மணி நேரம் கிட்ட ஓடுது, அவ்ளோ நேரத்த நிரப்பணும்னா ஏற்கனவே ஓடுன கதைதான் பயமில்லாம கைல எடுக்க முடியும். 2013 கடைசில 24 டிஜிட்டல் டிவி சேனல் உரிமம் ஏலம் விட்டாங்க, விளம்பரக் காசு அத்தன பேருக்கும் பத்தல, 2019ல 7 சேனல் உரிமத்த திருப்பிக் குடுத்துருச்சு. இந்த நெலமைல யாரு புதுசா முயற்சி பண்ணுவா? தைரியமா எழுதுனாலும் சிக்கல்தான். ஊழல் அரசியல்வாதியப் பத்தின 'நுவா மேக் 2'வ 2013 ஜனவரில சேனல் 3 முடிவுக்கு முன்னாடியே நிறுத்திருச்சு. அதப் பாத்த அடுத்த எழுத்தாளர் மாமியார் வீட்டு சண்டைக்குத்தான் திரும்புவாரு.

ஜாலான்கெலாவாய்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ஃபார்முலாவுக்குள்ள இருந்தே ஒடைக்க முடியும்லா. 2018ல வந்த 'புப்பேசன்னிவாத்' பாருங்க. இந்தக் காலத்து தொல்லியல் படிச்ச பொண்ணு செத்து, 17ஆம் நூற்றாண்டு நாராய் ராஜா காலத்துல, அப்போ தலைநகரா இருந்த அயுத்தயாவுல கண்ணு முழிக்குது, அதுவும் ஒரு கொடுமக்காரியோட உடம்புல. அதாவது நாங்-ஏக்கே நாங்-ராய் உடம்புக்குள்ள! வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் அவள வெறுக்குறாங்க, அவ ஒவ்வொருத்தர் மனசையும் திருப்பணும். சேனல் 3 நாடகந்தான், நாவல்தான், காதல்தான், ஆனா ஒரு எடத்துலகூட சலிக்கல. அது ஓடுன நேரத்துல ஜனங்க பழங்கால உடை உடுத்திக்கிட்டு அயுத்தயா கோயிலுக்குப் போய் படம் எடுத்தாங்க.

செந்தூல்_ராத்திரி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எடிட்டர் அண்ணே, அந்த நிறுத்துன நாடகம் கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சு. அயுத்தயா கதைய இன்னிக்கே ஆரம்பிக்கறேன். அக்கா, அந்த ஆண்டி இப்பவும் பாக்குறாங்களா?

புலாவ்திக்குஸ்_அக்கா:
பாக்குறாங்க தம்பி. கண்ணு சரியா தெரியல, பேத்தி பக்கத்துல உக்காந்து யாரு வந்திருக்கான்னு சொல்லும். நாங்-ராய் குரல் மட்டும் அவங்களே கண்டுபுடிச்சிருவாங்க.