மினாக்சிடிலும் தலையணை முடியும்

கரிசல்காட்டான்: தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து முடியை வளர்க்கும் என்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதைத் தடவத் தொடங்கிய மூன்றாம் வாரமே என் தலையணை முழுவதும் முடி கிடந்தது. முடியைக் கொட்டவைப்பதை மருந்து என்று எப்படி அழைப்பது?

மருந்தாளுநர்: அடித்துச் சொன்னவன் நான்தான். வளர்ச்சி நின்று ஓய்வுநிலையில் இருக்கும் முடி எப்படியும் விழ வேண்டியதே. மருந்து அந்த ஓய்வைச் சுருக்கி வேர்க்காலை மறுபடியும் வளர்ச்சிக்குத் திருப்பும்போது, பழைய முடிகள் ஒரே சமயத்தில் கழன்று விழுகின்றன. சில வாரங்களில் அது தணிந்துவிடும். நீங்கள் எத்தனை வாரம் தடவினீர்கள்?

கரிசல்காட்டான்: மருந்து கொட்டவைத்தால் மண்குடம், எண்ணெய் கொட்டவைத்தால் பொன்குடமா? தலையணையில் கிடந்தது என் முடி ஐயா, உங்கள் விளக்கம் அல்ல.

மருந்தாளுநர்: 1979இல் அமெரிக்காவில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்த பொருள் இது, விழுங்கியவர்களின் உடலில் முடி அடர்ந்ததைக் கண்ட பிறகே தலைக்குத் தடவும் 2 சதவீதக் கரைசல் உருவாகி, 1988இல் அங்கே ஒப்புதல் பெற்றது. 393 ஆண்களிடம் 48 வாரம் நடந்த ஆய்வில், 5 சதவீதக் கரைசல் 2 சதவீதத்தைவிட 45 சதவீதம் கூடுதலாக முடியை வளர்த்தது. நீங்களோ சென்ற ஆண்டு வெங்காயச் சாற்றுக்குக் கொடி பிடித்தவர். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சிறு ஆய்வு புழுவெட்டுக்கானது, ஆண்வழுக்கைக்கானது அல்ல என்று அன்றும் நான்தான் சொன்னேன். எத்தனை வாரம் தடவினீர்கள்?

நடுவகிடு: இருவரும் ஆண்களின் தலையையே பேசுகிறீர்கள். எனக்குக் கரைசல் தந்தது உதிர்வு அல்ல, அரிப்புதான்.

மருந்தாளுநர்: அம்மா, அரிப்புக்குப் பெரும்பாலும் கரைசலில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைகால் என்ற திரவம்தான் காரணம், நுரை வடிவில் அது இல்லை.

நடுவகிடு: நுரையின் விலையையும் சொல்லிவிட்டு அறிவுரை சொல்லுங்கள். கடைக்காரர்களுக்கு எப்போதும் விலை உயர்ந்ததே நினைவுக்கு வரும்.

மருந்தாளுநர்: நான் கடை நடத்தவில்லை என்பதை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? கரிசல்காட்டாரே, மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், எத்தனை வாரம்?

கரிசல்காட்டான்: ஐந்து. தலையணையை அதற்கு மேலும் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன முட்டாளா?

மருந்தாளுநர்: பலன் கண்ணுக்குத் தெரியவே நான்கு மாதமாவது ஆகும் மருந்தை ஐந்தாம் வாரத்தில் விட்டெறிந்துவிட்டு, தீர்ப்பு மட்டும் எழுதுகிறீர்கள்.

கரிசல்காட்டான்: நான்காம் மாதம் நிறுத்தியிருந்தால் மட்டும் என்ன? நிறுத்திய சில மாதங்களில் வளர்ந்ததும் போய்விடும் என்று நீங்களே போன மாதம் எழுதினீர்கள். மூன்றாம் வாரம் கொட்டியது கொட்டியதுதான்.