மேட்ச் முடிஞ்சு வீடியோ பார்த்தப்ப உங்களை உறுத்தின ஒரு இடம் எது? (பிராக்டிகல் பிஸ்டல்: ஓடி ஓடி டார்கெட்டைச் சுடற கைத்துப்பாக்கிப் போட்டி)

ஸ்டாண்ட்பை:
மேட்ச் முடிஞ்சு ஒம்பது நாள் ஆச்சு, அந்த நாலாவது ஸ்டேஜ் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதறேன். மீடியம் கோர்ஸ் (நடுத்தர நீளம்), 24 ரவுண்டு, பேப்பர் டார்கெட் 11 (ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஷாட்), பாப்பர் 2 (சுட்டா விழற இரும்பு டார்கெட், ஒண்ணுக்கு ஒரு ஷாட்). நான் ப்ரொடக்ஷன் பிரிவு, அதனால மைனர் கணக்கு: டார்கெட்ல நடுவுல இருக்கற ஏவுக்கு 5, அதுக்கு வெளிய சிக்கு 3, டிக்கு 1, பாப்பருக்கு 5 பாயின்ட். முடிச்சுட்டு வெளிய வர்றப்ப செமையா அடிச்சுட்டோம்னுதான் நினைச்சேன், சத்தியமா. எங்கயும் தடுமாறல, ரீலோட் ஒரே தடவைல உள்ள போச்சு, பீப் கேட்டதும் கை தானா போச்சு. ஷீட்டைப் பார்த்தா ஏ 14, சி 6, டி ஒண்ணு, மிஸ் ஒண்ணு. பாப்பர் ரெண்டும் விழுந்துது. டைம் 22.25. மொத்தம் 89 பாயின்ட், ஹிட் ஃபாக்டர் (பாயின்டை டைமால வகுத்தது) கரெக்டா 4.

அந்த மிஸ் எங்கன்னு எனக்கே தெரியல. அதான் உறுத்தல். ஸ்க்வாட்ல ஒருத்தர் எடுத்த வீடியோவை வீட்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்க ஜன்னல், நோ-ஷூட் (சுடக்கூடாத டார்கெட்) பாதி மறைச்ச டார்கெட், அதுதான் அந்த பொசிஷன்ல கடைசி. முதல் ஷாட் நல்லாதான் இருக்கு. ரெண்டாவது ஷாட்டுக்கு துப்பாக்கி இன்னும் குலுங்கவே இல்ல, அதுக்குள்ள என் தாடை அடுத்த பொசிஷன் பக்கம் திரும்பிருச்சு. கண்ணு சைட்டை (துப்பாக்கி மேல குறி பார்க்கற முனையை) விட்டுப் போனதுக்கு அப்புறம்தான் விரல் அமுக்குது. அந்த ஒரு ஃப்ரேமை எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்ல.

மிஸ்ஸுக்கு மைனஸ் 10, வர வேண்டிய 5 போச்சு, ஆக 15 பாயின்ட். ஹிட் ஃபாக்டர் 4ல அது 3.75 செகண்டுக்கு சமம். அங்க அவசரப்பட்டு நான் மிச்சம் பிடிச்சது கால் செகண்ட் கூட இருக்காது. முழுசா ஒரு செகண்ட் கூட நின்னு ஏ அடிச்சிருந்தா 104ஐ 23.25ஆல வகுத்தா 4.47 வந்திருக்கும். மத்தவங்களுக்கும் இப்படி ஒரு ஃப்ரேம் இருக்கும்ல, சொல்லுங்க.

பழைய ரிவால்வர்:
தம்பி, பதறாத காரியம் சிதறாதுன்னு பெரியவங்க சும்மா சொல்லல. 1976ல கொலம்பியா, மிசூரில ஜெஃப் கூப்பர் தலைமைல இந்த விளையாட்டோட உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யை ஆரம்பிச்சப்ப வச்ச லத்தீன் வாசகத்துலயே டிலிஜென்ஷியா, விஸ், செலரிடாஸ்னு வரிசை இருக்கு. துல்லியம், வலிமை, வேகம். வேகம் கடைசிலதான் வருது. இப்ப வர்ற பசங்க டைமரைத்தான் முதல்ல பார்க்கறாங்க, டார்கெட்ல ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு அப்புறம்தான் போய்ப் பார்க்கறாங்க. என் கதை சின்னது. ரிவால்வர்ல ஆறு ஷாட் முடிஞ்சது தெரியாம ஏழாவதா ட்ரிகரை அமுக்கினேன், க்ளிக்னு ஒரு சத்தம். இயர்மஃப் போட்டிருந்தும் அந்த க்ளிக் அவ்வளவு பெருசா கேட்டுச்சு. வாக்-த்ரூல (சுடறதுக்கு முன்னாடி ஸ்டேஜை நடந்து பார்க்கறப்ப) எண்ணினதை பீப்புக்கு அப்புறம் மறந்துட்டேன், அவ்ளோதான். எல்லாரும் முதல்ல ஏ மட்டும் அடிக்கக் கத்துக்கங்க, வேகம் தானா வரும்.

இரும்புத்தகடு:
அண்ணே, மரியாதையோட சொல்றேன், வேகம் தானா வராது. நான் அதை நம்பித்தான் ரெண்டு சீசனை விட்டேன். அந்த மூணு வார்த்தையும் சமமா இருக்கணும்ங்கறதுக்காகத்தான் பாயின்டை டைமால வகுக்கறாங்க.

என்னை உறுத்தறது ஒரு ஷார்ட் கோர்ஸ். 12 ரவுண்டு, ஆறு பேப்பர், எல்லாம் பக்கத்துலயே, மறைப்பு எதுவும் இல்ல. 12ம் ஏ அடிச்சேன், 60க்கு 60. ஷீட்ல கையெழுத்துப் போடறப்ப மனசு அவ்வளவு நிறைஞ்சிருந்துச்சு. டைம் 8 செகண்ட், ஹிட் ஃபாக்டர் 7.5. எனக்கு அடுத்து வந்தவர் 10 ஏ, 2 சி, 56 பாயின்ட்தான், ஆனா 6.4 செகண்ட். 8.75. ஒரு சி கூட அடிக்காத நான் அவருக்கு ரொம்பக் கீழ போயிட்டேன். ராத்திரி வீடியோவைப் பார்த்தா ஒவ்வொரு டார்கெட்லயும் ரெண்டாவது ஷாட் போனப்புறம் துப்பாக்கி அங்கயே நிக்குது. ஓட்டையைத் தேடறேன்! அவ்வளவு கிட்ட இருக்கற டார்கெட்ல எதுக்குத் தேடணும்?

அதனால ஸ்டேஜைப் பொறுத்துதான் எல்லாம். மைனர்ல ஏவுக்கும் சிக்கும் 2 பாயின்ட் வித்தியாசம். ஹிட் ஃபாக்டர் 10 வர்ற ஸ்டேஜ்ல அந்த 2 பாயின்டோட விலை 0.2 செகண்ட், 4 வர்ற ஸ்டேஜ்ல 0.5 செகண்ட். அதுக்கு மேல நேரம் செலவு பண்ணி ஏ வாங்கினா நஷ்டம். மிஸ் மட்டும் எங்கயும் கட்டுப்படி ஆகாது, அந்த விஷயத்துல அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா "எல்லாரும் ஏ மட்டும்"னு பொதுவாச் சொன்னா புதுசா வர்றவங்க எங்கயுமே நகர மாட்டாங்க.

இடதுகைக்காரன்:
நீங்க பாயின்டைப் பத்திப் பேசறீங்க, எனக்கு அன்னிக்கு ஸ்கோரே இல்ல. டிக்யூ, போட்டியை விட்டே வெளிய அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது ஸ்டேஜ், லாங் கோர்ஸ். இடப்பக்கத்துல ஆரம்பிச்சு வலப்பக்கம் ஓடணும், ஓடிக்கிட்டே ரீலோட். எனக்கு இடது கைங்கறதால வலப்பக்கம் ஓடறதுதான் ஆபத்து (வலது கைக்காரங்களுக்கு இடப்பக்கம்). மேகசின் கீழ விழுந்துது, புது மேகசின் கைல இருக்கு, பின்னாடி இருந்து "ஸ்டாப்!"னு ஒரு குரல். யாருக்கோ சொல்றாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். ரேஞ்ச்ல என்னைத் தவிர யாரு சுடறா? அப்படியே நின்னேன். ஆர்.ஓ. (ரேஞ்ச் ஆபீசர்) கோபப்படவே இல்ல, மெதுவா ஒவ்வொண்ணா சொல்லி அன்லோட் பண்ண வச்சாரு. சேம்பர்ல இருந்த ரவுண்டு மண்ணுல விழுந்து உருண்டு என் ஷூ பக்கத்துல வந்து நின்னுச்சு. அதைத்தான் பார்த்துட்டு நின்னேன், தலை நிமிர முடியல.

ஒரு வாரம் "நான் 90 டிகிரியைத் தாண்டவே இல்ல, துப்பாக்கி முனை பின்பக்கம் திரும்பவே இல்ல"ன்னு பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேன். அப்புறம் வீட்ல, ரூம்ல ஒரு ரவுண்டு கூட இல்லாம பார்த்துட்டு, காலி துப்பாக்கியோட ஃபோனைப் பின்னாடி வச்சு அதே ஓட்டத்தை ஓடினேன். இடுப்பு வலப்பக்கம் திரும்புது, முழங்கை உடம்போட ஒட்டியிருக்கு, அதனால துப்பாக்கியும் இடுப்போடயே திரும்புது, மேகசின் போட சாய்க்கறப்ப முனை இன்னும் கொஞ்சம் பின்னால வந்துடுது. அவர் சரியாத்தான் பார்த்திருக்காரு. அவர் நிறுத்தினதுனாலதான் அன்னிக்கு எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போனோம். இப்ப வலப்பக்கம் ஓடணும்னா காலை எடுக்கறதுக்கு முன்னாடியே ரீலோட் முடிச்சுடறேன், அரை செகண்ட் போனாப் போகுது.

ட்ரைஃபயர் தினம்:
எனக்கு நடந்தது ரெண்டு வரிதான்: ஸ்டேஜ்ல வச்சிருந்த ஒரு டிரம்முக்குப் பின்னாடி இருந்த டார்கெட்டைப் பார்க்காமலே ஓடிட்டேன், ரெண்டு மிஸ், அது போக அந்த டார்கெட் பக்கமே சுடாததுக்கு ஒரு ப்ரொசீஜரல் (விதிமீறல் அபராதம், மைனஸ் 10). 40 பாயின்ட் காலி.

ஆனா இங்க எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க, அதைச் சொல்லியே ஆகணும். வீடியோ மட்டும் பத்தாது. "ரேஞ்ச் இஸ் க்ளியர்" சொன்னதும் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி, உங்களுக்கு எது ஞாபகம் இருக்கோ அதை மட்டும் ஒரு சின்ன நோட்டுல எழுதுங்க. எந்த டார்கெட்ல ஃப்ரண்ட் சைட் தெளிவாத் தெரிஞ்சது, எங்க தெரியல, ரீலோட் எந்த அடியில முடிஞ்சது. தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க. அப்புறம் ஷீட்டோட ஒத்துப் பாருங்க. நீங்க 'ஏ'ன்னு நினைச்ச இடத்துல டி இருந்தா அங்க கண்ணு வேலை செய்யலைன்னு அர்த்தம், அது வீடியோல தெரியாது. அடுத்தது டைமர். ஷாட் ஷாட்டா இடைவெளியை எழுதிப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் ட்ராவையும் (உறையில இருந்து எடுக்கற நேரம்) ஸ்ப்ளிட்டையும் (ஒரே டார்கெட்ல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல இடைவெளி) குறைக்கத்தான் தினமும் பயிற்சி பண்றாங்க, ஆனா நேரம் போறது ஒரு பொசிஷன்ல கடைசி ஷாட்டுக்கும் அடுத்த பொசிஷன்ல முதல் ஷாட்டுக்கும் நடுவுலதான். எனக்கு நாலு அடி நகர 3 செகண்டுக்கு மேல ஆச்சு. கால் மெதுவா போகல, போய்ச் சேர்ந்தப்புறம்தான் துப்பாக்கியைத் தூக்கினேன். ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடின கதைதான், மாசக்கணக்கா ட்ராவைத் தேய்ச்சிட்டிருந்தேன். வாக்-த்ரூவும் அப்படித்தான், டார்கெட்டை மட்டும் எண்ணாதீங்க, கண்ணை மூடி முழு ஸ்டேஜையும் ஓட்டிப் பாருங்க, எங்க படம் மங்குதோ அங்கதான் மறப்பீங்க, திரும்பப் போய் நின்னு பாருங்க. அப்புறம் ஸ்க்வாட்ல நல்லா அடிக்கறவர் வீடியோவையும் உங்களோடதையும் ஒரே பீப்ல ஆரம்பிக்க வச்சு பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. அவர் விரல் உங்களை விட ஒண்ணும் வேகமா இருக்காது. அவர் சீக்கிரமாக் கிளம்புவாரு.

பழைய ரிவால்வர்:
இரும்புத்தகடு தம்பி, உங்க கணக்கை மறுக்கல. ஆனா 12 ஏ அடிக்கத் தெரிஞ்ச நீங்க அதுல இருந்து வேகத்தைக் கூட்டலாம். ஏ அடிக்கவே தெரியாம வேகமா ஓடறவன் எதைக் கூட்டுவான்? நான் சொன்னது அவங்களுக்கு.

இரும்புத்தகடு:
அப்படின்னா ஒத்துக்கறேன் அண்ணே. இருந்தாலும் முதல் நாள்ல இருந்தே டைமரைப் பக்கத்துல வச்சுக்கணும்ங்கறதுல நான் மாற மாட்டேன்.

ஸ்டாண்ட்பை:
எல்லாருக்கும் நன்றி. இடதுகைக்காரன் அண்ணே, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன், அந்த ரவுண்டு உருண்டது கண்ணு முன்னாடியே நிக்குது.

இதைப் படிச்சப்புறம் மத்த அஞ்சு ஸ்டேஜ் வீடியோவையும் எடுத்து ஒவ்வொரு பொசிஷன்லயும் கடைசி ஷாட்டை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். அதுல மூணு ஸ்டேஜ்ல அதே தாடை, அதே திருப்பம். ரெண்டு இடத்துல சி, ஒரு இடத்துல டி. நாலாவது ஸ்டேஜ்ல மட்டும்தான் மிஸ்ஸா போச்சு, அதனாலதான் அது கண்ணுல பட்டுச்சு. நேத்து டிரை ஃபயர் (குண்டு இல்லாம பயிற்சி) பண்றப்ப தம்பியைப் பக்கவாட்டுல நிக்க வச்சு என் தாடையை மட்டும் பார்க்கச் சொன்னேன். பத்துல ஆறு தடவை க்ளிக் சத்தத்துக்கு முன்னாடியே திரும்பிட்டேன்னு சொன்னான். இன்னிக்கு சாயங்காலம் மறுபடியும் நிக்கறேன்னு சொல்லியிருக்கான்.